‘லன்’ என்ற சொல்லிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: கலிபோர்னியாவின் வெஸ்ட்மின்ஸ்டர் நகரில், முதியோர் பகல்நேரப் பராமரிப்பு மையம் ஒன்றில் செவிலியராக இருக்கிறேன். வருவோரில் பெரும்பாலோர் வியட்நாமியர். டிமென்ஷியா என்னும் மறதிநோய் பற்றி அவர்கள் மொழியிலேயே துண்டுப்பிரசுரம் அச்சிட்டுக் கூட்டமும் நடத்தினோம். ஆறு பேர்தான் வந்தார்கள். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் பிரசுரத்தின் தலைப்பைப் பாருங்கள். மருத்துவர்கள் இந்நோய்க்கு வழங்கும் வியட்நாமியப் பெயர் ‘சா சூட் ட்ரி துவே’. அறிவு சரிந்துபோதல் என்பது அதன் நேர்ப்பொருள். பெற்ற தாயைப் பற்றி ஊரறிய அப்படிச் சொல்ல எந்த மகனுக்கும் நா எழாது. வீட்டில் புழங்கும் சொல் ‘லன்’, அதாவது குழம்பிப்போதல். முதுமையில் புத்தி தடுமாறுவதை யாழ்ப்பாணத்தார் ‘அறளை பெயர்ந்திட்டுது’ என்பதைப் போல, வயதானால் எல்லோருக்கும் வருவதுதானே என்ற முடிவும் அதற்குள்ளேயே இருப்பதால், மருத்துவரிடம் போகும் எண்ணமே எழுவதில்லை. உங்கள் பேச்சு அந்தச் சொல்லில் தொடங்கி, இயல்பான மறதி எது, நோய் எது என்பதைக் காட்டட்டும். மீன் சாஸ் பாட்டிலை வைத்த இடம் தெரியாமல் தேடுவது மறதி. ஐம்பது ஆண்டுகளாகச் சமைத்த ஃபோ சூப்புக்கு அடுத்து எதைச் சேர்ப்பது என்று அடுப்பின்முன் திகைத்து நிற்பது, மருத்துவரிடம் சொல்ல வேண்டியது.

இந்தத் தலைமுறை கடந்துவந்த பாதையையும் மனத்தில் கொள்ளுங்கள். 1975 ஏப்ரல் 30 அன்று தென் வியட்நாமின் தலைநகரான சைகோன் வட வியட்நாமியப் படையிடம் வீழ்ந்தபோது வெளியேறியவர்களும், பின்னர் படகேறித் தப்பியவர்களும், வென்ற அரசு ‘மறுகல்வி’ என்ற பெயரில் நடத்திய சிறைமுகாம்களில் ஆண்டுக்கணக்கில் அடைபட்டு 1990களில் அமெரிக்கா வந்து சேர்ந்த முன்னாள் படைவீரர்களும் இவர்களில் உண்டு. அந்த முகாம்களில் தம் வாழ்க்கை வரலாற்றைத் திரும்பத் திரும்ப எழுதித்தரும்படி கட்டாயப்படுத்தப்பட்டவர்களுக்கு, படிவமும் கையுமாக ஓர் அந்நியர் வந்து இன்று என்ன தேதி என்று கேட்பது எதை நினைவூட்டும் என்று எண்ணிப் பாருங்கள். நினைவாற்றல் சோதனைக்காகக் கடிகாரம் வரையச் சொன்னதும் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு, கைகளை முழங்கால்களில் ஊன்றி, வாய் திறவாமல் நிமிர்ந்தே அமர்ந்திருந்த ஒரு பெரியவரை நான் பார்த்திருக்கிறேன். மறுவாரம் வியட்நாமியச் செவிலியர் ஒருவர், பெற்றோரின் மூத்த உடன்பிறப்பை அழைக்கும் ‘பாக்’ என்ற முறைப்பெயரால் அவரை அழைத்து, தேநீர் கொடுத்து, இந்தச் சோதனை எதற்கு, தாள் யாரிடம் போகும் என்பதை விளக்கியபின் அவரே வரைந்தார். போரின் மனக்காயம் உறக்கத்தையும் நினைவையும் குலைக்கும். டிமென்ஷியா வரும் வாய்ப்பையும் கூட்டும். எனவே இரண்டையும் சேர்த்தே மருத்துவர் ஆராய வேண்டும்.

இனிக் கூட்டுமுயற்சி. உரையை நீங்கள் எழுதி முடித்துவிட்டுப் படிக்க மட்டும் அவர்களை அழைப்பது கூட்டுமுயற்சி ஆகாது. விகாரையின் பிக்குணி, கத்தோலிக்கப் பங்கின் மூத்தோர் குழு, முதியவர்கள் தம் வீட்டிலிருந்தபடி கேட்கும் வியட்நாமிய வானொலியின் அறிவிப்பாளர் ஆகியோர் தலைப்பு முடிவாகும்போதே உடனிருக்க வேண்டும். அவர்கள் நேரத்துக்கு ஊதியமும் கொடுங்கள். பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் மகள்களில் பலர் நகப்பராமரிப்பு நிலையங்களில் நாள் முழுதும் வேலை செய்பவர்கள். வாரநாளில் காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்தால் அவர்களால் வர இயலாது. ஞாயிறு திருப்பலி முடிந்து, அல்லது விகாரையில் சைவ உணவு பரிமாறும் வேளையில், இரத்த அழுத்தம் பார்க்கும் மேசை ஒன்றைப் போடுங்கள். உயர் இரத்த அழுத்தமும் கேள்திறன் குறைவும் டிமென்ஷியாவுக்கான ஆபத்துக் காரணிகள் என்பதால், அதிலிருந்தே பேச்சைத் தொடங்கலாம்.

விழிப்புணர்வு பெற்றவர் அடுத்து எங்கே போவது என்பதும் அன்றே தெரிய வேண்டும். முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரில், மருத்துவர் சந்திப்புகளுக்கான பகுதி பி உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை கட்டணமின்றிக் கிடைக்கும் நலச் சந்திப்பில், அறிவாற்றல் குறைவைக் கவனிப்பதும் அடங்கும். நினைவையும் சிந்தனையையும் அளக்கும் ‘மோகா’ என்னும் சோதனைக்கு வியட்நாமிய வடிவம் உண்டு. அதன் மதிப்பெண்ணை, அவர் பள்ளியில் படித்த ஆண்டுகளோடு சேர்த்தே பார்க்கச் சொல்லுங்கள். பேரனை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பாட்டியிடம் இது எந்த ஆண்டு என்று கேட்பது அவனுக்கு மரியாதைக் குறைவாகப் படும். அவளோ அவன்முன் தவறக் கூசுவாள். வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு, சில மாத்திரைகள் ஆகியவற்றாலும் மறதி வரும், அவை சரிசெய்யத்தக்கவை என்பதை அழுத்திச் சொல்லுங்கள். தயங்கும் குடும்பத்தை மருத்துவரிடம் வரவைக்க இதைவிட வலுவான செய்தி என் அனுபவத்தில் வேறில்லை.

அந்த ஆறு பேரை இந்த வாரமே தேநீருக்கு அழையுங்கள். அடுத்த கூட்டத்தை எங்கே, எந்த நாளில், யார் பேச நடத்தலாம் என்று கேட்டு, அவர்கள் சொல்வதை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள்.