பெயரோடு வாங்குங்கள்

கேள்வி: எழுத்தாளர்கள் கையெழுத்திட்ட முதல் பதிப்புகளை ஐந்து வருடமாகச் சேர்க்கிறேன். சென்னைப் புத்தகக் காட்சியில் ஒவ்வொரு நூலிலும் இரண்டு பிரதி வாங்குவேன். ஒன்று படிக்க, மற்றதில் கையெழுத்து வாங்கி பாலிதீன் உறையில் ஒட்டி வைத்துவிடுவேன். என் பெயரை எழுதச் சொல்வதில்லை. பெயர் இருந்தால் பின்னாளில் விலை போகாது என்கிறார் நண்பர். இருபது வருடத்தில் இவற்றுக்கு நல்ல விலை கிடைக்குமா?
— வாசகர், ஈரோடு

பதில்: விலையை நம்பி ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். லண்டனில் இருப்பதுபோல ஏலக்கூடமும் மதிப்பீட்டாளர்களும் தமிழ்ப் புத்தகத்துக்கு இல்லை. உங்கள் நண்பர் சொன்னதும் அரைகுறைதான். லண்டனிலேயே, எழுத்தாளர் தன் நண்பருக்கோ சக எழுத்தாளருக்கோ பெயர் குறித்து எழுதிக் கொடுத்த பிரதிக்கு வெறும் கையெழுத்தைவிட மதிப்பு அதிகம்.

என்னிடம் ஒரு கவிதைத் தொகுப்பு இருக்கிறது. திருவல்லிக்கேணி நடைபாதையில் வாங்கியது. முதல் பக்கத்தில் நீல மையில் ஒரு பெண்ணின் பெயர். கீழே, “உங்கள் வீட்டுக் கேழ்வரகுக் கூழுக்கு நன்றி” என்று கவிஞர் எழுதியிருக்கிறார். அந்தக் கவிஞர் யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து என்ன சாப்பிட்டார் என்பது உலகத்தில் அந்த ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கிறது. பெயரை விட்டுவிட்டால் மிஞ்சுவது ஒரு கிறுக்கல். அடுத்த முறை வரிசையில் நிற்கும்போது உங்கள் பெயர், ஊர், தேதி மூன்றையும் எழுதச் சொல்லுங்கள்.

அந்தப் புத்தக விஷயத்தில் நான் ஒரு தவறும் செய்தேன். தையல் விட்டுப்போனதால் பைண்டிங்குக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது பழைய அட்டை இல்லை. மூன்று பக்கமும் ஓரம் வெட்டியிருந்தார்கள், தேதியில் பாதி வெட்டுப்பட்டுப் போயிருந்தது. வருடம் எது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆகவே ஓரம் வெட்டாதே, அட்டையைக் கழற்றாதே என்று பைண்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். செல்லோ டேப் பக்கமே போகாதீர்கள். பாலிதீன் உறையை இன்றே பிரியுங்கள். உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். ராமபாணப் பூச்சிக்கு மூடிக் கிடக்கும் புத்தகம்தான் வசதி. அடிக்கடி எடுத்துப் புரட்டினாலே பாதிப் பூச்சி ஓடிவிடும்.

முதல் பதிப்பு என்று எதைச் சொல்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். பதிப்பகம் மாறும்போது, நாற்பது வருடத்துக்கு முன் வந்த நாவலிலும் ‘முதல் பதிப்பு’ என்று அச்சிடுவது உண்டு. அது அந்தப் பதிப்பகத்தின் முதல் பதிப்பு. அசல் முதல் பதிப்பைத் தேடுவதற்கு நியாயமான காரணம் உள்ளே இருக்கிறது: பின்னால் எழுத்தாளர் திருத்திய வரிகள், விடுபட்டுப்போன முன்னுரை, கடைசிப் பக்க விளம்பரம். எத்தனை அச்சடித்தார்கள் என்பது பெரிய விஷயமில்லை. 1907-இல் வி. கிருஷ்ணசாமி ஐயர் பாரதியின் பாடல்களைச் சிறு பிரசுரமாக 15,000 பிரதி அச்சடித்து இலவசமாகக் கொடுத்தார். இன்று அதில் ஒன்றைக் கண்ணால் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

நீங்கள் கையெழுத்து என்றதும் எனக்கு இன்னொரு கையெழுத்து நினைவுக்கு வந்தது. உ.வே.சாமிநாதையர் காலத்தில் ‘கையொப்பம்’ என்றால் வாசகர் போடுவது. புத்தகம் வந்ததும் வாங்கிக்கொள்கிறேன் என்று ஒப்புக்கொண்டு முன்கூட்டியே கையெழுத்திடுவார்கள். அவர்களுக்குக் கையொப்பக்காரர்கள் என்றே பெயர். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்துகொண்டு, காகிதத்துக்கும் அச்சுக்கூலிக்கும் அலைந்து, இப்படிக் கையொப்பம் சேர்த்துத்தான் 1887-இல் சீவக சிந்தாமணியை அவர் வெளிக்கொண்டுவந்தார். இன்றைக்கும் முன்வெளியீட்டுத் திட்டம் என்று அறிவிக்கிறார்களே, அது அதன் தொடர்ச்சிதான். இரண்டாவது பிரதிக்கு வைத்திருக்கும் பணத்தை அதற்குக் கட்டுங்கள். ஒரு புதுக் கவிஞரின் முதல் தொகுப்பு வெளிவருவதற்கு உங்கள் கையெழுத்தும் ஒரு காரணமாக இருக்கட்டும்.

அப்புறம், உங்களுக்குப் பின் இவை எங்கே போகும்? கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர். புத்தகத்தோடு நிற்காமல் நோட்டீஸ், அழைப்பிதழ் வரைக்கும் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்த பிறகு அந்தச் சேகரிப்பு சிதறாமல் மொத்தமாகச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் கைக்குப் போனது. அதிலிருந்து பிறந்ததுதான் சென்னையில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். சிதறியிருந்தால் பாதி பழைய பேப்பர் கடைக்குப் போயிருக்கும். நீங்கள் ஒரு நோட்டுப் போடுங்கள். நூல், ஆண்டு, எங்கே வாங்கியது, கையெழுத்திடும்போது எழுத்தாளர் என்ன பேசினார், எல்லாவற்றையும் எழுதுங்கள். எந்த நூலகத்துக்குப் போக வேண்டும் என்பதை அதன் முதல் பக்கத்திலேயே எழுதி, வீட்டில் ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள்.