சிப் ஆலையில் இயந்திரப் பராமரிப்புக் குழுவுக்குத் தலைமை ஏற்கப் போகிறேன். முதலில் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்?

நீங்கள் பல ஆண்டுகள் ஸ்பேனர் பிடித்தவராகத்தான் இருப்பீர்கள். இயந்திரத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. உங்கள் டெக்னீஷியன் "இன்னும் முடியவில்லை" என்றால், அதை உற்பத்திப் பிரிவிடம் அப்படியே சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள். நான் சொல்லாமல் விட்ட ஓர் இரவு உண்டு.

வேஃபர் எனும் சிலிக்கான் தகடுகளைச் செதுக்கும் எட்ச் இயந்திரம் ஒன்றின் சேம்பரை, அதாவது வெற்றிட அறையை, திறந்து, துடைத்து, மூடியிருந்தோம். பம்பு வால்வை அடைத்துவிட்டு உள்ளழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கும் கசிவுச் சோதனையில் எங்கள் வரம்பு நிமிடத்துக்கு 1 மில்லிடார் (மிகச் சிறிய அழுத்த அலகு). அன்று 1.8 வந்தது. துடைத்த ஈரம் சுவரிலிருந்து மெல்ல வெளியேறும்போது இப்படி ஏறுவதுண்டு. நானும் அதையே சொன்னேன். குழுவிலேயே இளையவர் திரையைக் காட்டினார்: "ஈரம் என்றால் போகப் போகக் கோடு வளைந்து படுக்க வேண்டும் சார். இது நேராக ஏறுகிறது." ஹீலியம் அடித்துக் கசிவைத் தேட ஒன்றரை மணி நேரம் கேட்டார். வேஃபர்கள் காத்திருந்தன, தொலைபேசி ஓயவில்லை. தூசி உண்டா என்று பார்க்கும் துகள் சோதனையில் தேறிவிட்டதே என்று இயந்திரத்தை ஒப்படைத்துவிட்டேன்.

இரண்டு பெட்டிகள், பெட்டிக்கு 25 வீதம் 50 வேஃபர்கள் வீணாயின. உள்ளே புகுந்த காற்றால் செதுக்கும் வேகமே மாறியிருந்தது. மூடியைத் திறந்தபோது, காற்றுப் புகாமல் அடைக்கும் வளையமான ஓ-ரிங்கின் குறுக்கே துடைப்புத் துணியின் ஒற்றை இழை கிடந்தது.

ஆய்வுக் கூட்டத்தில் எழுந்த முதல் கேள்வி, "துடைத்தவர் யார்?" என்பது. அந்த இளையவரின் பெயரைச் சொன்னார்கள். "அவர் தடுத்தார், ஒப்படைத்தது நான்" என்று சொல்ல எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. 50 வேஃபர்களைவிட அந்த அரை மணி நேரம்தான் இன்றும் உறுத்துகிறது.

உற்பத்தி நெருக்கடி தெரியாதவன் பேசுகிறான் என்று யாரும் எண்ண வேண்டாம். எண் சற்று மீறினாலே எல்லாவற்றையும் நிறுத்துங்கள் என்றும் நான் சொல்லவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பம்பை ஓடவிட்டு மறுபடி அளந்திருக்கலாம். ஈரமென்றால் எண் இறங்கியிருக்கும். கசிவென்றால் அப்படியே நின்றிருக்கும். அதற்குக்கூட நான் இடம் தரவில்லை.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 12 மணி நேர இரவு ஷிஃப்ட் முடித்தவர்களைக் காலை 10 மணிக் கூட்டத்துக்காக நிறுத்திவைக்கிறார்களே, எந்த நியாயத்தில்? பகலில் உழைப்பவரை இரவு 10 மணிக்கு எவராவது விளக்கம் கேட்டு அழைப்பார்களா? மறுபடி இரவில் வந்து குளோரின் குழாய்களைக் கழற்றப் போகிறவர்கள் இவர்கள். அந்த ஆய்வுக் கூட்டத்திலும் அந்த இளையவர் தூங்காமல்தான் உட்கார்ந்திருந்தார். இப்போதெல்லாம் என் இரவு ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவர்கள் எழுதிவைத்த குறிப்பேட்டோடு நானே போகிறேன்.