மறு: தோல் இல்லாத சோபா வேணும், ரெக்சின் எடுக்கலாமா?

சகோ, தோலும் வேணாம் காட்டை வெட்டுன மரமும் வேணாம், கடைக்காரர் ரெக்சின் சோபாவ ஈகோ ஃப்ரெண்ட்லின்னு சொல்றார் எடுக்கலாமான்னு கேட்டிருந்தீங்க. வேணவே வேணாங்க. ரெக்சின்ல மாட்டுத்தோல் இல்லங்கிறது சரி, ஆனா அது பெரும்பாலும் துணி மேல பூசின பிவிசி பிளாஸ்டிக், நம்ம ஊரு வெயிலுக்கும் வேர்வைக்கும் செதில் செதிலா உரிய ஆரம்பிச்சிரும், மக்கவும் மக்காது.

பழைய தேக்கு பாருங்க. இடிக்கிற வீட்டு உத்தரம், கதவெல்லாம் பழைய மரக்கடைக்கு வருது, காரைக்குடில முனீஸ்வரன் கோயில் தெருவுல இதுக்குன்னே கடைங்க இருக்கு. நல்லா காஞ்ச மரம், லேசுல வளையாது, புதுசா ஒரு மரம் சாகவும் வேணாம். தச்சர வச்சு ஃப்ரேம் அடிச்சு, சீட்டுக்கு பிரம்பு பின்னி, மேல இலவம்பஞ்சு மெத்தை போட்டா அவ்ளோ நல்லா இருக்கும். பட்ஜெட் இடிச்சா ரப்பர் மரம் ஓகே, அது பால் குறைஞ்சதும் 25-30 வருஷத்துல எப்படியும் வெட்டுற மரம்தான், பூச்சி அரிக்காம ட்ரீட்மென்ட் பண்ணதான்னு மட்டும் கேட்டு வாங்குங்க.

முக்கியமா பாலிஷ கவனிங்க, இத கடைல யாரும் சொல்ல மாட்டாங்க. பிரெஞ்ச் பாலிஷ்ல இருக்கிற ஷெல்லாக் அரக்குப் பூச்சிலேர்ந்து வர்றது, எடுக்கிறப்ப ஏகப்பட்ட பூச்சி சாகுது. பழைய ஆளுங்க ஒட்டுறதுக்கு காய்ச்சுற வஜ்ஜிரமும் மாட்டுத்தோல், எலும்புல செய்யறதுதான். வாட்டர் பேஸ் பாலிஷ், ஃபெவிகால் போதும்னு தச்சர்கிட்ட முன்னாடியே சொல்லிருங்க. ஹால் அளவு போடுங்க, எவ்ளோ மரம் பிடிக்கும்னு பாப்போம்.