சீரியல் போர்ட் டிரைவரை ரிவ்யூ செய்வது எப்படி? சேலத்துக் கேள்விகளும் பதில்களும்

லினக்ஸ் கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) சீரியல் போர்ட்டை (தகவலைப் பிட் பிட்டாக அனுப்பும் இணைப்பு) இயக்கும் டிரைவர்களைப் படித்துப் பிழை பார்ப்பது பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கருப்பூரிலிருந்து ஏற்காடு வரைக்கும் கேள்விகள் வந்து சேர்ந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாக்கிவிட்டேன். அஸ்தம்பட்டியில் என் மேசை மேல் இன்றைக்கும் ஒன்பது பின் கேபிள் இரண்டு கிடக்கின்றன. இந்தப் பழைய போர்ட் மேல் எனக்குள்ள பாசத்தை மறைக்கப் போவதில்லை. ஒரு கெர்னல் விழும்போது அதன் கடைசி வார்த்தை வெளியே வருவது பெரும்பாலும் இந்த வழியாகத்தான்.

கருப்பூர், பொறியியல் மாணவி: அண்ணா, எனக்கு சி மொழி நன்றாக வரும். கெர்னல் உள்ளே போனதில்லை. ஒரு சீரியல் டிரைவர் பேட்ச் (கோடில் செய்யும் திருத்தம்) கைக்கு வந்தால் முதலில் எதைப் பார்ப்பது?

இடைவெளி, அடைப்புக்குறி இதையெல்லாம் செக்பேட்ச் ஸ்கிரிப்ட் பார்த்துக்கொள்ளும். உங்கள் கண்ணை அதில் செலவழிக்காதீர்கள் அம்மா. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, டிரைவர் கெர்னலிடம் ஒப்படைக்கும் ஃபங்ஷன்களை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு விஷயம்: இதை அழைக்கும்போது யார் எந்த லாக்கை (ஒரே நேரத்தில் இருவர் கை வைக்காமல் தடுக்கும் பூட்டு) பிடித்திருக்கிறார்கள்? இங்கே தூங்கலாமா (வேலையை நிறுத்திக் காத்திருக்கலாமா), கூடாதா? கெர்னலோடு வரும் சீரியல் டிரைவர் ஆவணத்தில் இது தெளிவாக எழுதியிருக்கிறது.

ஸ்டார்ட் டிஎக்ஸ் (அனுப்பத் தொடங்குவது), ஸ்டாப் டிஎக்ஸ் (அனுப்புவதை நிறுத்துவது), செட் எம்கன்ட்ரோல் (மோடம் கட்டுப்பாட்டுக் கோடுகளை மாற்றுவது) ஆகியவை போர்ட்டின் ஸ்பின்லாக் (கிடைக்கும்வரை தூங்காமல் காத்திருக்கும் லாக்) பிடித்த நிலையில் வரும். அங்கே மியூட்டெக்ஸ் (தூங்கிக் காத்திருக்கும் லாக்) எடுப்பது, தூங்கக்கூடிய வகையில் மெமரி கேட்பது, எம்ஸ்லீப் போடுவது எல்லாமே தப்பு. ஸ்டார்ட்டப் (போர்ட்டைத் திறப்பது), செட் டெர்மியோஸ் (வேகம் போன்ற அமைப்பை மாற்றுவது) இரண்டும் வேறு மாதிரி. அவை வரும்போது மியூட்டெக்ஸ் மட்டும்தான் பிடித்திருக்கும், ஸ்பின்லாக் இருக்காது. அதனால் ஸ்டார்ட்டப்பில் தூங்கலாம். ஆனால் ரெஜிஸ்டரை (சிப்பின் உள் நினைவிடம்) தொடும் முன் ஸ்பின்லாக்கை டிரைவரே எடுத்தாக வேண்டும், ஏனென்றால் அதே நேரத்தில் இன்டரப்ட் (சிப் சிபியுவைக் கூப்பிடும் சைகை) வந்து அதே ரெஜிஸ்டரில் கை வைக்கும். நான் பார்த்த பேட்ச்களில் பாதிப் பிழை இந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.

தாள் முடிந்ததும் புரோப் ஃபங்ஷனை (கருவியைக் கண்டதும் டிரைவரைத் தயார்படுத்துவது) கீழிருந்து மேலாகப் படியுங்கள். வேலை நன்றாக நடக்கும் பாதையை எழுதியவரே பத்து தடவை ஓட்டிப் பார்த்திருப்பார். கிளாக் கிடைக்காமல் பாதியில் திரும்பும் பாதையை யாருமே ஓட்டியிருக்க மாட்டார்கள்.

அதே மாணவி: அப்படிப் படித்தபோது கண்ணில் படாமல் போகும் பிழை ஒன்று சொல்லுங்களேன்.

இன்டரப்ட் எண்ணை வாங்கும் வரி. பிளாட்ஃபார்மிடம் கேட்டால் பிழை நேரத்தில் எதிர்ம எண் திரும்பி வரும். டிரைவர் அதை நேராகப் போர்ட்டின் ஐஆர்க்யூ (இன்டரப்ட் எண்) புலத்தில் போட்டு, அடுத்த வரியில் ‘பூஜ்யத்தைவிடக் குறைவா’ என்று சோதிக்கும். அந்தப் புலமோ அன்சைன்ட். அதில் எதுவும் பூஜ்யத்துக்குக் கீழே போகாது, சோதனை ஒரு நாளும் பலிக்காது. முதலில் சாதாரண இன்ட் ஒன்றில் வாங்கி, சோதித்து, அப்புறம் புலத்தில் போடச் சொல்லுங்கள்.

ஆத்தூர், ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கன்ட்ரோல் பேனல் செய்பவர்: சார், ஆர்எஸ்485 லைனில் மோட்பஸ் (ஆலைக் கருவிகள் பேசிக்கொள்ளும் முறை) ஓட்டுகிறோம். புது போர்டு மாற்றியதிலிருந்து மோட்டார் டிரைவ்கள் சில நேரம் பதிலே தருவதில்லை. வயரை மாற்றியாயிற்று, டெர்மினேஷனும் (கம்பி முனையில் போடும் தடை) பார்த்தாயிற்று. டிரைவரில் பிழை இருக்குமா?

இருக்கலாம். இதே பிழையை நானே ஒரு காலத்தில் ரிவ்யூவில் பார்க்காமல் விட்டிருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆர்எஸ்485 இரண்டு கம்பி லைனில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். போர்டு பேசும்போது டிரான்ஸீவரை (கம்பியில் அனுப்பவும் கேட்கவும் செய்யும் சிப்) அனுப்பும் பக்கம் திருப்பி, பேசி முடித்ததும் கேட்கும் பக்கம் திருப்ப வேண்டும். ‘பேசி முடித்தாயிற்று’ என்பதை எதை வைத்து முடிவு செய்கிறோம் என்பதில்தான் சிக்கல். சீரியல் சிப்பில் இரண்டு நிலை உண்டு. ஃபிஃபோ (பைட்கள் வரிசையாகக் காத்திருக்கும் இடம்) காலியாவது ஒன்று. ஃபிஃபோவிலிருந்து இறங்கிய கடைசி பைட், ஷிஃப்ட் ரெஜிஸ்டரிலிருந்து பிட் பிட்டாகக் கம்பியில் போய் முடிவது இன்னொன்று. 9600 பாட் (விநாடிக்கு 9600 பிட்), 8என்1 அமைப்பில் (8 பிட், சரிபார்க்கும் பாரிட்டி பிட் இல்லை, 1 ஸ்டாப் பிட்) ஸ்டார்ட் பிட்டையும் சேர்த்து ஒரு பைட் போக 10 பிட், கிட்டத்தட்ட 1.04 மில்லிசெகண்ட். ஃபிஃபோ காலி என்ற பிட்டைப் பார்த்து உடனே திசையைத் திருப்பினால் கடைசி பைட் பாதியில் அறுந்துவிடும்.

மோட்பஸ் ஆர்டியூவில் கடைசி இரண்டு பைட்டும் சிஆர்சி (பிழை இருக்கிறதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்). அது அறுந்தால் எதிர்ப்பக்கம் சட்டத்தின்படி வாயைத் திறக்காது. பிழைச் செய்தியும் அனுப்பாது, சும்மா இருந்துவிடும். அதனால்தான் நீங்கள் வயரைச் சந்தேகப்பட்டீர்கள்.

சில நேரம் மட்டும் நடப்பதற்கும் காரணம் உண்டு. சிபியு வேறு வேலையில் இருந்து இன்டரப்ட் ஒரு மில்லிசெகண்ட் தாமதமாக ஓடினால், அதற்குள் கடைசி பைட் போய் முடிந்திருக்கும், எல்லாம் சரியாக நடக்கும். சிபியு ஓய்வாக இருந்தால்தான் பிழை வரும். நான் விட்ட பிழையும் இப்படித்தான் தப்பித்தது. லோடு ஏற்றி ஏற்றிச் சோதித்தோம், சும்மா வைத்துச் சோதிக்கவில்லை. கிழங்கு சீசனில் இரவு ஷிஃப்டில் ஒருவர் பேனல் முன்னால் நின்றுகொண்டிருந்தார் என்று பின்னால் கேள்விப்பட்டபோது மனதுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. அன்றிலிருந்து அனுப்பி முடிந்ததா என்று சொல்லும் டிஎக்ஸ் எம்ப்டி ஃபங்ஷனைப் பார்க்காமல் எந்த சீரியல் பேட்ச்சையும் நான் மூடுவதில்லை. 16550 வகை சீரியல் சிப்பில் அதற்கென்று ‘டிரான்ஸ்மிட்டர் காலி’ என்ற தனி பிட் இருக்கிறது, ‘ஹோல்டிங் ரெஜிஸ்டர் காலி’ என்பது வேறு பிட். உங்கள் போர்டின் டிரைவர் எந்த பிட்டைப் படிக்கிறது என்று பாருங்கள். முன்னதைப் படிக்க வேண்டிய இடத்தில் பின்னதைப் படித்தால் கதை அதுதான். ஆசிலோஸ்கோப் இருந்தால் திசைப் பின்னையும் டிஎக்ஸ் கோட்டையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள், ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

செவ்வாய்பேட்டை, வெள்ளிக் கொலுசுப் பட்டறை: தம்பி, எங்கள் எலக்ட்ரானிக் தராசைக் கம்ப்யூட்டரோடு இணைத்திருக்கிறோம். எடை சில நேரம் சரியாக வருகிறது, சில நேரம் கிறுக்கல். டிரைவர் கோளாறு என்கிறார்கள்.

அண்ணே, ஒன்று கவனியுங்கள். 0, 3, 5, 6, 9 சரியாக வந்து, 1, 2, 4, 7, 8 மட்டும் கிறுக்கலாக வருகிறதா? அப்படியானால் தராசு 7 பிட், ஈவன் பாரிட்டியில் (ஒன்றுகளின் எண்ணிக்கையை இரட்டைப்படையாக்கும் சரிபார்ப்பு பிட்டோடு) அனுப்புகிறது, கம்ப்யூட்டர் 8 பிட், பாரிட்டி இல்லாமல் படிக்கிறது. இரண்டுக்கும் மொத்தம் 10 பிட்தான், அதனால் தாளம் தப்பாது. பாரிட்டி பிட்டை எட்டாவது பிட் என்று கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்கிறது. ஆஸ்கியில் முதலில் சொன்ன ஐந்து இலக்கங்களிலும் ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படை, பாரிட்டி பூஜ்யம், எழுத்து கெடாது. மற்ற ஐந்திலும் ஒற்றைப்படை. மென்பொருளில் அமைப்பை மாற்றினால் போதும்.

மாற்றியும் சரியாகவில்லை என்றால் டிரைவரைப் பார்க்கலாம். சில சிப்களுக்கு 7 பிட் தெரியாது. அப்படிப்பட்ட சிப்பின் டிரைவர், கேட்ட அமைப்பை அழித்து 8 பிட் என்று திருப்பி எழுத வேண்டும், அப்போதுதான் மென்பொருளுக்கு உண்மை தெரியும். ரிவ்யூ செய்பவர்கள் செட் டெர்மியோஸில் இதைக் கட்டாயம் கேளுங்கள்: முடியாததை முடியாது என்று டிரைவர் சொல்கிறதா?

ஜங்ஷன் பக்கம், எம்பெடட் வேலை பார்ப்பவர்: 16550ஏ சிப்பின் ரிசீவ் டிரிகரை (எத்தனை பைட் சேர்ந்ததும் இன்டரப்ட் எழும் என்ற எண்) 8லிருந்து 14 ஆக்கி ஒரு பேட்ச் வந்திருக்கிறது. இன்டரப்ட் குறையும், வேகம் கூடும் என்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?

கணக்குப் போடுங்கள். 115200 பாட்டில் ஒரு பைட்டுக்குச் சுமார் 87 மைக்ரோசெகண்ட். ஃபிஃபோவில் 16 இடம். 14இல் இன்டரப்ட் எழுந்தால் 15, 16 உள்ளே போகும், 17 வந்து முடியும்போது இடமில்லை. ஆக உங்களுக்கு இருப்பது மூன்று பைட் நேரம், 260 மைக்ரோசெகண்ட். 8 ஆக இருந்தால் ஒன்பது பைட் நேரம், சுமார் 780. அந்த போர்டில் இன்டரப்ட்கள் அதிகபட்சம் எவ்வளவு நேரம் அடைபட்டுக் கிடக்கின்றன என்று அளந்த எண் பேட்ச் விளக்கத்தில் இருக்கிறதா? இல்லை என்றால் அதைக் கேளுங்கள். எண் வராமல் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அவரே: இன்டரப்ட் ஹேண்ட்லர் (இன்டரப்ட் வந்ததும் ஓடும் ஃபங்ஷன்) எப்போதும் ‘கவனித்தேன்’ என்றே பதில் தருகிறது. தப்பா?

தப்பு. 1,00,000 இன்டரப்டில் 99,900க்கு மேல் யாரும் கவனிக்கவில்லை என்றால் கெர்னல் அந்த லைனையே அடைத்து மெஷினைக் காப்பாற்றும். பொய்யாகக் ‘கவனித்தேன்’ என்றால் அந்தக் காவல் வேலை செய்யாது.

அம்மாபேட்டை, வாசகர்: கன்சோலில் பிரேக் சைகை அனுப்பி சிஸ்ஆர்க்யூ (கெர்னலுக்கு நேரடியாகக் கொடுக்கும் அவசரக் கட்டளை) எழுத்தைத் தட்டியதும் மொத்த போர்டும் உறைந்துவிடுகிறது. தட்டாவிட்டால் நாள் கணக்கில் ஓடுகிறது.

இது டெட்லாக். பாதையை நடந்து பாருங்கள். இன்டரப்ட் வருகிறது. ஹேண்ட்லர் போர்ட் லாக்கைப் பிடித்து எழுத்தைப் படிக்கிறது. சிஸ்ஆர்க்யூ எழுத்து என்று தெரிந்து, லாக்கை விடாமல் அங்கேயே செயல்படுத்துகிறது. அது திரையில் செய்தி அச்சிட முயல்கிறது. செய்தி போக வேண்டியது இதே சீரியல் கன்சோலுக்கு. கன்சோல் எழுதும் ஃபங்ஷன் அதே போர்ட் லாக்கைக் கேட்கிறது. வைத்திருப்பவரும் கேட்பவரும் ஒரே சிபியு. சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வாசலில் நின்று கதவைத் தட்டுகிற நிலைமை.

சரியான வழி, எழுத்தைப் படிக்கும்போது குறித்து மட்டும் வைத்துக்கொண்டு, லாக்கை விட்ட பிறகு செயல்படுத்துவது. அதற்கென்றே சீரியல் கோரில் ‘பிரிப்பேர் சிஸ்ஆர்க்யூ’, ‘அன்லாக் அண்ட் செக் சிஸ்ஆர்க்யூ’ என்று இரண்டு உதவி ஃபங்ஷன்கள் இருக்கின்றன. அதோடு, கெர்னல் விழுந்துகொண்டிருக்கும் நேரத்தில் கன்சோல் எழுதும் பாதை லாக்குக்காகக் காத்திருக்கக் கூடாது. முயன்று பார்த்து, கிடைக்காவிட்டாலும் எழுத வேண்டும். லாக் பிடித்த இடத்தில் யாராவது ‘பிழை’ என்று அச்சிடும் வரியைச் சேர்த்திருக்கிறார்களா என்றும் தேடுங்கள். நல்ல எண்ணத்தில் சேர்த்த அந்த ஒரு வரியும் இதே குழியில்தான் விழும்.

ஓமலூர், வாசகர்: என் பேட்ச்சுக்கு நாலே வரியில் கடுமையாகப் பதில் வந்தது. விட்டுவிடலாமா?

விடாதீர்கள் தம்பி. அந்த நாலு வரியில் இருக்கும் தகவலைத் தனியாக எடுத்து எழுதுங்கள். சரியானதைத் திருத்துங்கள், சரியில்லாததற்குக் காரணம் சொல்லுங்கள், இரண்டாம் பதிப்பில் மூன்று கோட்டுக்கு (---) கீழே என்ன மாறியது என்று குறிப்பிடுங்கள். நாளைக்கு நீங்கள் ரிவ்யூ செய்யும்போது ‘இது தப்பு’ என்று நிறுத்தாமல், ‘இந்த லாக் இல்லாமல் இந்த இடத்தில் இன்டரப்ட் வந்தால் இந்த ரெஜிஸ்டரின் மதிப்பு போய்விடும்’ என்று எழுதுங்கள். எழுதியவருக்குக் கோபம் வராது, பிழையும் திருந்தும்.

ஏற்காடு, வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்: வணக்கம் சார். கீழே இறங்கி வர இருபது கொண்டை ஊசி வளைவு. கையில் போர்டு எதுவும் இல்லை. லேப்டாப் மட்டும் வைத்துக்கொண்டு ரிவ்யூ செய்ய முடியுமா?

பெரும்பகுதி முடியும் அம்மா. க்யூஎமுவில் (ஒரு கணினியையே மென்பொருளாக ஓட்டிக்காட்டும் கருவி) எக்ஸ்86 மெஷின் 16550ஏ தரும், ஆர்ம் விர்ட் மெஷின் பிஎல்011 என்ற சீரியல் சிப்பைத் தரும். கெர்னலைக் கட்டும்போது லாக் சரிபார்ப்பையும், தூங்கக்கூடாத இடத்தில் தூங்கினால் கத்தும் சோதனையையும் இயக்கிவிடுங்கள். முதல் பதிலில் சொன்ன தாளை இவை இரண்டும் உங்களுக்காகச் சரிபார்க்கும்.

பாட் ரேட் மட்டும் அங்கே தெரியாது. அதைக் கையால் கணக்குப் போடுங்கள். கிளாக் 16 மெகாஹெர்ட்ஸ் என்று வையுங்கள். 16 ஆல் வகுத்து, 115200 ஆல் வகுத்தால் 8.68. டிரைவர் பின்னத்தை வெட்டி 8 என்று போட்டால் வேகம் 125000, எட்டரை சதவீதம் அதிகம். 9 என்று போட்டால் 111111, மூன்றரை சதவீதம் குறைவு. ஸ்டார்ட் பிட்டிலிருந்து ஸ்டாப் பிட்டின் நடுவுக்கு ஒன்பதரை பிட். அதற்குள் அரை பிட் நழுவினால் போயிற்று, அதாவது இரண்டு பக்கமும் சேர்த்துச் சுமார் 5 சதவீதம்தான் தாங்கும். வெட்டுகிறதா, அருகில் உள்ள எண்ணுக்குக் கொண்டுபோகிறதா என்று அந்த வகுத்தல் வரியைப் பாருங்கள்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. டிஎக்ஸையும் (அனுப்பும் கோடு) ஆர்எக்ஸையும் (பெறும் கோடு) ஒரு கம்பியால் இணைத்துச் சோதித்துவிட்டு ‘பாட் ரேட் சரி’ என்று எழுதாதீர்கள். இரண்டு பக்கமும் ஒரே கிளாக்கில் ஓடுவதால் எவ்வளவு தப்பாக இருந்தாலும் சோதனை தேறிவிடும். எதிரே வேறு கருவி வேண்டும். என்னிடம் யூஎஸ்பி சீரியல் கன்வெர்ட்டர் ஒன்று கூடுதலாக இருக்கிறது. அடுத்த முறை சேலம் இறங்கும் நாளில் சொல்லுங்கள், அஸ்தம்பட்டி ரவுண்டானாவில் கொண்டுவந்து தருகிறேன்.