ஒயில் மாற்றக் கொடுத்த ஹைபிரிட் கார் நடுவழியில் நின்றது: நட்டஈடு கேட்கலாமா?

கேள்வி: நான் கோப்பாயில் வசிக்கிறேன். ஜப்பானில் பாவித்து இறக்கிய ரொயோட்டா அக்குவா ஹைபிரிட் கார் வைத்திருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் ஒரு முகவர் நிறுவனத்தின் சேர்விஸ் நிலையத்தில் ஒயிலும் பில்டரும் மாற்றக் கொடுத்தேன். மூன்றாம் நாள் ஏ9 வீதியில் பரந்தனைத் தாண்டும்போது முன்பக்கத்தில் ஊளைச் சத்தம் கேட்டது. பிறகு ஹைபிரிட் எச்சரிக்கை விளக்கு எரிந்து கார் நின்றுவிட்டது. கிளிநொச்சிக் கராஜில் பார்த்தபோது என்ஜினில் ஒயில் அளவுக்கு மிஞ்சி இருந்தது, கியர்பெட்டியில் ஒயில் இல்லை. நிறுவனமோ "பழைய கார், பற்றரி பழுது" என்கிறது. 'சேவைக்குப் பிந்திய பழுதுகளுக்கு நிறுவனம் பொறுப்பல்ல' என்று பில்லின் அடியில் இருப்பதைக் காட்டுகிறது. ஒரு கடிதத்தில் கையெழுத்திட்டால் பாதிச் செலவில் திருத்தித் தருவார்களாம். பொலிஸில் முறையிடலாமா? நட்டஈடு கிடைக்குமா?

பதில்: கிடைக்கும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது, இனி அந்தக் காரில் யாரும் கை வைக்காதவரை. கிளிநொச்சிக் கராஜ்காரர் நல்ல மனத்தோடு ஒயிலை வடித்து அளவைச் சரிசெய்தாலும் உங்கள் முதன்மைச் சான்று அதோடு போய்விடும். முதல் வேலையாக அவருக்குத் தொலைபேசி எடுத்து, கார் அப்படியே நிற்கட்டும் என்று சொல்லுங்கள்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், என்ஜின் ஒயிலை வடிப்பதற்குப் பதிலாகக் கியர்பெட்டியின் வடிபிளக்கை, அதாவது ஒயில் வடிக்கும் துளையின் அடைப்பை, கழற்றியிருக்கிறார்கள் என்றே தோன்றுகிறது. ஹைபிரிட் வாகனங்களில் நடப்பதாக அறியப்பட்ட தவறு இது. இரண்டு பிளக்குகளும் காரின் அடியில்தான் இருக்கின்றன. வடியும் அளவிலும் பெரிய வித்தியாசம் இல்லாததால் அவசரத்தில் வேலை செய்பவருக்குச் சந்தேகம் வராது. நிறத்தைக் கவனித்திருந்தால் வந்திருக்கும்: பாவித்த என்ஜின் ஒயில் கறுப்பு, கியர்பெட்டிக்குரிய டபிள்யூ.எஸ் ஒயில் புதிதில் சிவப்பு, பழசானாலும் அவ்வளவு கறுக்காது. அக்குவாவின் 1.5 லீற்றர் என்ஜினுக்குப் பில்டரோடு சேர்த்து வேண்டியது 3.7 லீற்றர். பழையதை வடிக்காமல் மேலே 4 லீற்றர் விட்டால் உள்ளே 7 லீற்றருக்கு மேல் நிற்கும். மிஞ்சிய ஒயிலை என்ஜினுக்குள் சுற்றும் கிராங்க் தண்டு அடித்து நுரைக்க வைக்கும். அது காற்று உள்ளிழுக்கும் வழியாகப் போய்ப் புகையும். கியர்பெட்டியின் நிலைமை இன்னும் மோசம். காரை ஓட்டும் இரண்டு மின்மோட்டர்களும் அதற்குள்தான் இருக்கின்றன. அவற்றைக் குளிர்விப்பதும் பல்சில்லுகளுக்கு வழுவழுப்புக் கொடுப்பதும் அந்த ஒயில்தான். நீங்கள் கேட்ட ஊளைச் சத்தம் அங்கிருந்து வந்திருக்க வேண்டும்.

காரை யாழ்ப்பாணம் கொண்டுவருவதானால் தட்டு லொறியில் ஏற்றுங்கள். கயிறு கட்டி இழுத்தால் முன்சில்லுகளோடு மோட்டரும் சுற்றும். ஒயில் இல்லாத பெட்டி மேலும் தேயும். "அந்தச் சேதம் நீங்கள் இழுத்து வந்ததால்" என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி சொல்ல நீங்களே இடம் கொடுத்ததாகிவிடும்.

அடுத்து, காப்புறுதி நிறுவனங்களுக்கு அறிக்கை எழுதும் சுயாதீன வாகன மதிப்பீட்டாளர் ஒருவரை அமர்த்துங்கள். பரிசோதிக்கும் நாளையும் இடத்தையும் குறிப்பிட்டு, வந்து பார்க்கும்படி நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் முன்கூட்டியே எழுதுங்கள். அவர்கள் வராவிட்டால், பிறகு அந்த அறிக்கையைக் குறைசொல்வது அவர்களுக்குக் கடினம். அன்று முதலில் காரின் கணினியை ஸ்கேன் செய்து, அதில் பதிவான பிழைக் குறியீடுகளை அழிக்காமல் அச்சிட வேண்டும். 12 வோல்ற் பற்றரியைக் கழற்றினால் அந்தப் பதிவு அழிந்துபோகக்கூடும். ஹைபிரிட் பற்றரி தேய்ந்திருந்தால் வழமையாகப் பதிவாகும் குறியீடு பி0ஏ80. அது பதிவாகவில்லை, பற்றரியின் பகுதிகளுக்கிடையே வோல்ற் அளவும் சீராக இருக்கிறது என்றால் "பற்றரி பழுது" என்ற பேச்சு அங்கேயே விழுந்துவிடும். பிறகு ஒயில் குச்சியைப் படம் எடுத்து, என்ஜின் ஒயிலை அளவுச் சாடியில் வடித்து எத்தனை லீற்றர் என்று எழுத வேண்டும். கியர்பெட்டிக்குக் குச்சி கிடையாது. மேல் பிளக்கைத் திறந்தால் துளையின் விளிம்புக்கு அருகே ஒயில் தெரிய வேண்டும். இரண்டிலிருந்தும் மாதிரி எடுத்து முத்திரையிட்டு மதிப்பீட்டாளரிடமே விடுங்கள். பில்லில் உள்ள கிலோமீற்றர் எண்ணையும் இப்போதைய எண்ணையும் அறிக்கையில் சேர்க்கச் சொல்லுங்கள். இடையில் வேறு எவரும் கை வைக்கவில்லை என்பதற்கு அந்தச் சிறிய வித்தியாசம் நல்ல சான்று. சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 45ஆம் பிரிவு இத்தகைய நிபுணர் கருத்தை ஏற்கிறது.

இனிச் சட்டம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 32ஆம் பிரிவின்படி, சேவை வழங்கும் வர்த்தகர் உரிய கவனத்தோடும் திறமையோடும் அதைச் செய்வார் என்ற உத்தரவாதம் ஒப்பந்தத்தில் தானாகவே அடங்கும். கார் எத்தனை வருடப் பழையது, இறக்கியவர் யார் என்பவை இங்கே பொருட்டல்ல. காருக்கான உத்தரவாதம் வேறு, அன்று செய்த வேலைக்கான உத்தரவாதம் வேறு. நிறுவனம் இரண்டையும் குழப்பிப் பேசுகிறது; நீங்கள் குழம்ப வேண்டாம்.

பில்லின் அடியில் உள்ள வரிக்கும் பயப்படத் தேவையில்லை. வேலை முடிந்த பிறகு கையில் தந்த தாளில் இருப்பது, வேலைக்கு முன்பே முடிந்த ஒப்பந்தத்துக்குள் புகாது. காரை ஒப்படைத்தபோது நீங்கள் கையெழுத்திட்ட ஜொப் கார்ட்டில் (செய்ய வேண்டிய வேலையை எழுதும் தாளில்) அதே வாசகம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும், 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டத்தின் கீழ், கவனயீனத்துக்கான பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் வாசகம் நியாயமானதாக இருந்தால்தான் செல்லும். தவறான பிளக்கைக் கழற்றியதற்கு அதைக் கேடயமாக்குவதை எந்த நீதிமன்றமும் இலகுவில் ஏற்காது.

பொலிஸுக்குப் போவதில் பயனில்லை. தண்டனைச் சட்டக்கோவையின் ஏமாற்றுதல் குற்றத்துக்கு நேர்மையற்ற எண்ணம் வேண்டும். உங்கள் விடயம் கவனயீனம். சிலர் விபத்து என்று சொல்லிக் காப்புறுதிப் பணம் எடுக்க யோசனை சொல்வார்கள். அது பொய்க் கோரிக்கை, வழக்கையும் கெடுத்துவிடும்.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையில் முறையிடுவதற்குச் சேவை வழங்கிய நாளிலிருந்து மூன்று மாதம்தான் அவகாசம், அதுவும் எழுத்தில். சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துச் சொன்னதோடு நிறுத்திவிடாதீர்கள். பில், ஜொப் கார்ட், மதிப்பீட்டு அறிக்கை, திருத்தச் செலவுக்கான எழுத்து மூல மதிப்பு ஆகியவற்றின் பிரதிகளோடு யாழ்ப்பாண மாவட்ட அலுவலகத்தில் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். அங்கே சரிவராவிட்டால் மாவட்ட நீதிமன்றம் இருக்கிறது. கவனயீனத்துக்கான நட்டஈட்டு வழக்குக்கு இரண்டு வருடம், வாய்மொழி ஒப்பந்தத்துக்கு மூன்று, எழுத்து ஒப்பந்தத்துக்கு ஆறு வருடம் எனக் காலவிதிப்புச் சட்டம் எல்லை வைக்கிறது. இரண்டு வருடத்தையே உங்கள் எல்லையாகக் கொள்ளுங்கள். கோரும் தொகை மத்தியஸ்த சபையின் வரம்புக்குள் வந்தால் முதலில் அங்கே போய், இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழ் பெற்ற பின்பே வழக்கிட முடியும். கட்டணம் கட்ட வசதி இல்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண நிலையத்தை நாடலாம்.

பாதிச் செலவுக் கடிதத்தில் இப்போது கையெழுத்திடாதீர்கள். அதில் 'முழுத் தீர்வாக' என்று ஒரு சொல் இருந்தால், ஆறு மாதத்தில் மோட்டர் போனாலும் கேட்க வழியில்லை. மதிப்பீட்டு அறிக்கை கையில் வந்த பிறகு பேசுங்கள். கியர்பெட்டி முழுவதையும் தங்கள் செலவில் மாற்றித் தருவதாகவும், மாற்றும் பெட்டிக்குத் தனி உத்தரவாதக் காலம் தருவதாகவும், கார் இல்லாத நாட்களின் வாடகையைக் கொடுப்பதாகவும் எழுத்தில் வந்தால் ஏற்கலாம். நீதிமன்றத்தில் வருடக்கணக்கில் அலைவதைவிட அது உங்களுக்கு நல்லது.

அடுத்த முறை எங்கே கொடுத்தாலும் ஜொப் கார்ட்டில் ஒயிலின் தரத்தையும் அளவையும் சேர்த்து '0டபிள்யூ-20, 3.7 லீற்றர், பில்டர், புதிய வடிபிளக் வாஷர்' என்று எழுதுவியுங்கள். கார் ஓடத் தயார் என்று காட்டும் ரெடி விளக்கு அணைந்த பின்பே பிளக்கைக் கழற்ற வேண்டும்; இல்லாவிட்டால் ஒயில் இல்லாத என்ஜின் தானாக இயங்கத் தொடங்கலாம். முடிந்ததும் சூடான என்ஜினை நிறுத்தி ஐந்து நிமிடம் விட்டு, சமதரையில் குச்சியை உருவிக் காட்டச் சொல்லுங்கள். 4 லீற்றர் கலனுக்குப் பணம் எடுத்தால் மிச்சம் 0.3 லீற்றரையும் கலனோடு கேட்டு வாங்குங்கள்.