பெஞ்ச்ரெஸ்ட் ஏர் ரைஃபிள்: விதிகள் பற்றி வந்த கேள்விகள்

கேள்வி: பெஞ்ச்ரெஸ்டில் துப்பாக்கியை மேசைமேல் மணல் பையில் சாய்த்து வைத்து, நாற்காலியில் உட்கார்ந்து சுடுகிறார்கள். ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) வேறு. இதில் திறமை எங்கே இருக்கிறது?

இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. நின்றுகொண்டு சுடும் 10 மீட்டர் போட்டியைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது ஏமாற்று வேலையாகத்தான் தெரியும். அங்கே போட்டி பெரும்பாலும் சுடுபவரின் உடம்போடு. நாடித்துடிப்பு, மூச்சு, கால் ஆட்டம் எல்லாம் குறியைக் கலைக்கும். பெஞ்ச்ரெஸ்டில் உடம்பைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறோம். அதன்பின் மிஞ்சுவது காற்று, பெல்லட்டின் (ஏர் ரைஃபிளில் போடும் சிறு குண்டு) தரம், பொறுமை.

காற்று என்ன செய்யும் என்று பாருங்கள். 12 அடி-பவுண்டு சக்தியுள்ள 4.5 மில்லிமீட்டர் ரைஃபிளில், மணிக்கு 16 கிலோமீட்டர் குறுக்குக் காற்று (இலைகள் விடாமல் அசையும் காற்று) 25 மீட்டர் தூரத்தில் பெல்லட்டை ஏறக்குறைய ஓர் அங்குலம் தள்ளிவிடும். மணிக்கு 3 கிலோமீட்டர் என்றால் கன்னத்தில்கூட உறைக்காது, ஊதுபத்திப் புகை சாயும், அவ்வளவுதான். அதுவே பெல்லட்டை அதன் சொந்த அகலத்துக்கு நகர்த்தப் போதும். 10 புள்ளி வளையமோ சில மில்லிமீட்டர். ஒரு கார்டில் (இலக்கு அட்டை) 25 வட்டங்கள், வட்டத்துக்கு ஒரே குண்டு, முழு மதிப்பெண் 250. நல்ல போட்டியில் 250 வாங்கியவர்கள் பலர் இருப்பார்கள். நடுப்புள்ளியைத் தொட்ட 'எக்ஸ்' எத்தனை என்பதை வைத்துத்தான் முதலிடம் முடிவாகும்.

கேள்வி: லைட் வார்மின்ட், ஹெவி வார்மின்ட் என்கிறார்களே, அதெல்லாம் என்ன பிரிவு?

உலக ரிம்ஃபயர் (சிறு தோட்டா போடும் ரைஃபிள்) மற்றும் ஏர் ரைஃபிள் பெஞ்ச்ரெஸ்ட் கூட்டமைப்பு வைத்திருக்கும் இரண்டு முக்கியப் பிரிவுகள் அவை. லைட்டில் சக்தி 12 அடி-பவுண்டுக்குள் (16.27 ஜூல்), ஸ்கோப்போடு சேர்த்து மொத்த எடை 10.5 பவுண்டுக்குள் (4.76 கிலோ). ஹெவியில் 20 அடி-பவுண்டு, 15 பவுண்டு (6.8 கிலோ). இரண்டுமே 25 மீட்டர், இரண்டிலும் குழல் விட்டம் 0.22 அங்குலம் வரை இருக்கலாம்.

இந்த 12 என்ற எண் விளையாட்டுக்காரர்கள் உட்கார்ந்து யோசித்துப் போட்டதல்ல. பிரிட்டனில் 1969-இல் வந்த விதிப்படி 12 அடி-பவுண்டைத் தாண்டும் ஏர் ரைஃபிள் சாதாரண ஏர் ரைஃபிள் கணக்கில் வராது; அதை வைத்திருக்க துப்பாக்கிச் சான்றிதழ் வேண்டும். அந்தக் கோட்டுக்குள் நிற்கும் துப்பாக்கிகளே அங்கே அதிகம் என்பதால், போட்டி உலகமும் அந்தக் கோட்டிலேயே வந்து நின்றது.

கேள்வி: வீட்டுத் தராசில் 4.7 கிலோ காட்டியது. போட்டியில் எடை மீறியது என்று நிறுத்திவிட்டார்கள். தராசு பொய் சொல்கிறதா?

தராசைக் குறை சொல்லும் முன் ஒரு கேள்வி: வீட்டில் எடை பார்த்தபோது துப்பாக்கியின் காற்று சிலிண்டர் காலியாக இருந்ததா? காற்றுக்கும் எடை உண்டு. 300 சிசி சிலிண்டரில் 200 பார் அழுத்தம் ஏற்றினால் உள்ளே ஏறக்குறைய 70 கிராம் காற்று இருக்கும். 4.7 கிலோவோடு அதைக் கூட்டிப் பாருங்கள், எல்லை தாண்டிவிட்டது. எப்போதும் முழுக் காற்று ஏற்றி, போட்டியில் மாட்டப்போகும் ஸ்கோப், அதன் வெயில் மறைப்பு, குழல் முனையில் மாட்டும் டியூனர் (குழலின் அதிர்வைச் சரிசெய்வது) எல்லாவற்றோடும் நிறுத்துப் பாருங்கள். நூறு கிராம் இடைவெளி விடுங்கள். கடைசி கிராம் வரை எடையை ஏற்றினால்தான் ஜெயிக்க முடியும் என்று நினைப்பவர்களை நான் நம்புவதில்லை.

கேள்வி (லண்டனிலிருந்து): என் ரைஃபிள் வீட்டில் 11.8 அடி-பவுண்டு. கிளப்பில் குரோனோகிராஃபில் (குண்டின் வேகம் அளக்கும் கருவி) 12.1. பெல்லட் மட்டும்தான் மாற்றினேன். இது எப்படி?

பெல்லட் மட்டும்தான் என்கிறீர்களே, விஷயமே அதுதான்.

கணக்கு எளிது. பெல்லட்டின் எடையை கிரெய்னில் எடுத்துக்கொள்ளுங்கள், வேகத்தை விநாடிக்கு எத்தனை அடி என்று எடுத்துக்கொள்ளுங்கள். வேகத்தை வேகத்தால் பெருக்கி, எடையால் பெருக்கி, 450240-ஆல் வகுத்தால் அடி-பவுண்டு கிடைக்கும். 8.44 கிரெய்ன் பெல்லட் 790 அடியில் போனால் 11.7. அதே பெல்லட் 800 அடியில் போனால் சரியாக 12. வெறும் 10 அடி வித்தியாசம். 10.34 கிரெய்ன் என்றால் 723 அடியிலேயே 12-ஐத் தொட்டுவிடும்.

அழுத்தக் காற்றை முன்பே ஏற்றி வைக்கும் பி.சி.பி. ரைஃபிளில் பெல்லட்டின் எடை கூடக்கூட சக்தி கொஞ்சம் ஏறும். கனமான பெல்லட் குழலில் கூடுதல் நேரம் இருக்கிறது, காற்று அதை அதிக நேரம் தள்ளுகிறது. ஸ்பிரிங் துப்பாக்கியில் பெரும்பாலும் நேர்மாறு. லேசான பெல்லட்டில்தான் அது துள்ளும். அப்புறம் ரெகுலேட்டர் (காற்றழுத்தத்தை ஒரே அளவில் வைக்கும் பாகம்) இல்லாத பி.சி.பி.யில் இன்னொரு சிக்கல்: முழு அழுத்தத்தில் வால்வு சரியாகத் திறக்காமல் வேகம் குறைவாக இருக்கும், அழுத்தம் இறங்க இறங்க வேகம் ஏறி, உச்சத்தைத் தொட்டு, மறுபடி விழும். காற்று நிரப்பியவுடன் நாலு குண்டு சுட்டுப் பார்த்துவிட்டுத் திருப்திப்பட்டவர்கள் போட்டியின் நடுவில் அந்த உச்சத்தில் மாட்டுவார்கள். ரெகுலேட்டர் இருந்தாலும் சும்மா கிடந்த துப்பாக்கியின் முதல் குண்டு சில சமயம் அதிக வேகத்தில் போகும்.

போட்டியில் இதற்கு விலை தகுதி நீக்கம். உங்கள் ஊரில் அதோடு முடியாது. சான்றிதழ் இல்லாமல் 12-ஐத் தாண்டிய துப்பாக்கி வைத்திருப்பது சட்டப்படி குற்றம், அங்கே பரிசோதிப்பவர்கள் பல எடைப் பெல்லட்டுகளைப் போட்டுப் பார்ப்பார்கள். துப்பாக்கியை இப்போதே நல்ல பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து, நீங்கள் பயன்படுத்தக்கூடிய மிகக் கனமான பெல்லட்டில் 11.5-க்குள் நிற்கும்படி இறக்கிக்கொள்ளுங்கள். 25 மீட்டரில் அந்த அரை அடி-பவுண்டால் உங்களுக்கு எதுவும் குறையாது.

கேள்வி: துப்பாக்கியைத் தாங்கியில் இறுக்கிக் கட்டிவிட்டால் எல்லாக் குண்டும் ஒரே இடத்தில் விழுமே? ஏன் அனுமதிப்பதில்லை?

அனுமதித்தால் அது துப்பாக்கிக்கும் துப்பாக்கிக்கும் நடக்கும் போட்டி. அதனால்தான் தாங்கி பற்றிய விதிகளில் எழுத்து எண்ணிப் படிக்கிறார்கள். அடிப்படை இதுதான்: துப்பாக்கி தாங்கிமேல் தன் எடையில் மட்டும் இருக்கவேண்டும், எதிலும் மாட்டிக்கொள்ளாமல் நேராக மேலே தூக்க வரவேண்டும். தண்டவாளம்போல வழிகாட்டி, சுட்டபின் பழைய இடத்துக்கே தானாகக் கொண்டுவரும் அமைப்பு வார்மின்ட் பிரிவுகளுக்கு ஆகாது. துப்பாக்கியின் முன்கட்டையை அகலமாக்கி நிலைநிறுத்தும் தந்திரத்துக்கும் எல்லை உண்டு. பெஞ்ச்ரெஸ்டில் வழக்கமான அளவு 3 அங்குலம். முன்னும் பின்னும் ஒன்றாக இணைந்த ஒற்றைத் தாங்கி விஷயத்தில் மட்டும் அமைப்புக்கு அமைப்பு விதி மாறும். நுழைவுக் கட்டணம் கட்டுமுன் இந்த ஒரு பக்கத்தைப் படித்துவிடுங்கள்.

சுடுபவர்களின் கவனம் முன் தாங்கியிலேயே இருக்கும், ஐநூறு டாலர் தாங்கி வாங்குவார்கள். பின்னால் கட்டையைத் தாங்கும் முயல்காதுப் பையை (முயல் காதுபோல இரண்டு மேடுள்ள மணல் பை) யாரும் கவனிப்பதில்லை. மணல் இளகியிருந்தால் ஒவ்வொரு குண்டுக்கும் கட்டை ஒரு மயிரிழை கீழே அமுங்கும். ஸ்கோப்பில் குறுக்குக்கம்பி மெல்ல மேலேறுவதைப் பார்க்கலாம். பையைக் கெட்டியாக அடைத்து, இரண்டு காதுகளுக்கு நடுவில் கொஞ்சம் டால்கம் பவுடர் தடவுங்கள். கட்டை ஒட்டாமல் வழுக்கி நகரும்.

கேள்வி: என் குண்டு 10-ஆம் வளையக் கோட்டைத் தொட்டிருக்கிறது, நடுவர் 9 என்கிறார். எது சரி?

உங்கள் போட்டி எந்த முறையில் மதிப்பிடுகிறது என்பதைப் பொறுத்தது. துளையின் உள்பக்க விளிம்பு கோட்டைத் தொட்டாலே உயர்ந்த மதிப்பெண் தருவது ஒரு முறை. உலகக் கூட்டமைப்பு செய்வது இதுதான். அமெரிக்க ரிம்ஃபயர் அமைப்பு ஒன்று துளையின் மோசமான (நடுவிலிருந்து விலகிய) விளிம்பைத்தான் கணக்கில் எடுக்கும். அங்கே கோட்டை மீறிவிட்டால் கீழ் மதிப்பெண்தான். ஒன்றில் பழகி இன்னொன்றுக்குப் போகிறவர்கள் கண்ணீர் விடுவது உண்டு.

ஆனால் கண்ணால் பார்த்து வாதாடாதீர்கள். 25 மீட்டரில் எல்லோரும் உருண்டைத் தலைப் பெல்லட்தான் போடுகிறார்கள், ஏனென்றால் தட்டைத் தலைப் பெல்லட் அந்தத் தூரத்தில் வேகம் இழந்து அலையும். தட்டைத் தலை காகிதத்தை வட்டமாக வெட்டி எடுக்கும், உருண்டைத் தலையோ கிழித்துக்கொண்டு போகும். துளை உண்மையில் இருப்பதைவிடச் சிறியதாகவும், ஓரம் பிசிறாகவும் தெரியும். அதனால் அளவுகோல் ஆணியைத் துளைக்குள் செருகி, அதன் விளிம்பு கோட்டைத் தொடுகிறதா என்று பூதக்கண்ணாடியில் பார்ப்பார்கள். முதலில் ஆணி போடச் சொல்லிக் கேளுங்கள். ஆணி போட்டபின் நடுவர் சொல்வதுதான் முடிவு. நீங்களே விரலால் துளையைத் தடவிப் பார்த்தால் கார்டு போச்சு.

கேள்வி: தவறி ஒரே வட்டத்தில் இரண்டு குண்டு சுட்டுவிட்டேன். அடுத்தவர் கார்டில் சுட்டுவிட்டால்?

பொதுவாக அந்த வட்டத்தில் குறைந்த மதிப்பெண்ணை எடுப்பார்கள், கூடுதல் குண்டுக்கு அபராதமும் போடலாம். எத்தனை புள்ளி என்பது போட்டிக்குப் போட்டி மாறும். அடுத்தவர் கார்டில் சுட்டுவிட்டால் உடனே கை தூக்கி நடுவரிடம் சொல்லுங்கள். அபராதம் உங்களுக்குத்தான், ஆனால் பக்கத்தில் இருப்பவரின் கார்டு காப்பாற்றப்படும். பேசாமல் இருந்துவிட்டு மாட்டிக்கொண்டால் அந்தக் கூட்டத்தில் உங்களோடு யாரும் டீ குடிக்க மாட்டார்கள்.

இது பெரும்பாலும் எப்போது நடக்கிறது தெரியுமா? பழகு குண்டு சுடும் பகுதியிலிருந்து மதிப்பெண் வட்டத்துக்கு மாறும்போது. ஸ்கோப்பின் உருப்பெருக்கம் அதிகம், ஒரு வட்டம்தான் தெரியும். எந்த வரிசை என்பதே மறந்துவிடும். வலப்பக்கம் போகிறோமா, கீழே போகிறோமா என்று ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டு அதை மாற்றாதீர்கள்.

கேள்வி: இந்தியாவில் 0.22 ஏர் ரைஃபிள் வாங்கி ஹெவி பிரிவுக்குப் பழகலாமா?

லைசென்ஸ் இல்லாமல் முடியாது. 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ, சக்தி 20 ஜூலைத் தாண்டினாலோ லைசென்ஸ் வேண்டும். ஹெவியின் 20 அடி-பவுண்டு என்பது 27 ஜூல். ஆக இரண்டு வகையிலும் வெளியே. ஆனால் வருத்தப்பட ஒன்றுமில்லை. லைட் பிரிவின் 16.27 ஜூல் இந்த எல்லைக்குள் வசதியாக அடங்கும், 4.5 மில்லிமீட்டர் பெல்லட்டில் அங்கே முதலிடம் வாங்க எந்தத் தடையும் இல்லை. 25 மீட்டருக்கு நான் சிபாரிசு செய்வதும் அதைத்தான்.

கேள்வி: என்னிடம் 10 மீட்டர் போட்டி ரைஃபிள் இருக்கிறது. அதையே பயன்படுத்தலாமா?

பழகலாம், ஜெயிப்பது கடினம். சர்வதேசப் போட்டிகளுக்கான எடை எல்லை 5.5 கிலோ, லைட் பிரிவில் 4.76. முதலில் எடையே இடிக்கும். அதன் சக்தியும் பொதுவாக 7.5 ஜூல் அளவில்தான் இருக்கும். ஜெர்மனியில் அனுமதியின்றி விற்கக்கூடிய எல்லையே அதுதான். மூடிய அரங்கில் 10 மீட்டருக்கு அது போதும். திறந்த வெளியில் 25 மீட்டர் போவதற்குள் காற்று அதை வைத்து விளையாடிவிடும்.

கேள்வி: அப்பாவுக்கு முதுகுவலி, நின்று தாங்கிப் பிடிக்க முடியவில்லை. 10 மீட்டரை விட மனமில்லை. வழி உண்டா?

ஜெர்மனியில் மூத்தோருக்கென்றே, துப்பாக்கியைத் தாங்கியில் வைத்து 10 மீட்டரில் 30 குண்டு சுடும் ஆவுஃப்லாகே போட்டி உண்டு. அங்கே இது பெரிய கூட்டம் சேரும் பிரிவு. கையால் துப்பாக்கியின் எடையைத் தாங்க இயலாத மாற்றுத்திறனாளிகளுக்கு பாரா துப்பாக்கிச் சுடுதலில் எஸ்.எச்.2 என்ற வகுப்பு இருக்கிறது, அதில் ஸ்பிரிங் தாங்கி அனுமதி. ஆனால் அதற்கு மருத்துவ வகைப்படுத்தல் வேண்டும்; வெறும் முதுகுவலி கணக்கில் வராது. கிளப்பில் கேட்டு, மதிப்பெண் பதிவில்லாமல் மணல் பை வைத்துச் சுட விடுவார்களா என்று பாருங்கள். பெரும்பாலும் விடுவார்கள்.

கேள்வி: காற்றுக்கொடி நானே நடலாமா? எத்தனை?

நடலாம், நேரத்தோடு போய் நடுங்கள். சுடுதல் ஆரம்பித்தபின் களத்துக்குள் யாரும் இறங்கக் கூடாது. உங்கள் கொடி பக்கத்து மேசைக்காரரின் பார்வைக்கோட்டில் நிற்கவும் கூடாது. மெல்லிய பிளாஸ்டிக் நாடா கட்டிய குச்சி போதும். எல்லோரும் இலக்குக்குப் பக்கத்தில் ஒன்றை நட்டுவிட்டுத் திருப்திப்படுகிறார்கள். ஆனால் குழல் முனைக்கு அருகில் அடிக்கும் காற்றுதான் அதிகம் கெடுக்கும், அங்கே வாங்கிய விலகல் மீதித் தூரம் முழுக்கத் தொடரும். ஒன்றுதான் இருக்கிறது என்றால் மேசையிலிருந்து ஏழெட்டு மீட்டரில் நடுங்கள்.

வட்டங்களை எந்த வரிசையிலும் சுடலாம், பழகு குண்டுக்குப் பெரும்பாலும் கணக்கில்லை. அரை மணி நேரம் தரும் போட்டியில் ஒரு குண்டுக்கு ஒரு நிமிடத்துக்கு மேலேயே கிடைக்கும். நாடா எந்தக் கோணத்தில் அதிக நேரம் நிற்கிறதோ அந்தக் கோணத்தில் பழகு குண்டு ஒன்றைப் போட்டு எங்கே விழுகிறது என்று பாருங்கள். மதிப்பெண் குண்டை நாடா மறுபடி அதே கோணத்துக்கு வந்தபின் மட்டும் சுடுங்கள். வேறு கோணத்தில் இருந்தால் டிரிகரிலிருந்து விரலை எடுத்துவிடுங்கள்.