தன் பாட்டைத் தானே பாடிய பானுமதி

கேள்வி: நடிகை பானுமதி பேச்சு வந்தாலே எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ‘ரொம்பத் திமிர் பிடித்தவர்’ என்கிறார்கள். நிஜமாகவே அப்படித்தானா? (தஞ்சாவூர் வாசகி)

பதில்: அந்தச் சொல்லே எனக்குப் பிடிக்கவில்லை. அதே குணம் ஒரு கதாநாயகனுக்கு இருந்தால் ‘கம்பீரம்’ என்றுதானே சொல்லியிருப்போம்? அவர் நிலைமையைக் கொஞ்சம் பாருங்கள். ஓங்கோல் பக்கத்துக் கிராமத்திலிருந்து 1939-ல் ‘வரவிக்ரயம்’ தெலுங்குப் படத்துக்கு வந்த சின்னப் பெண். ‘கிருஷ்ண பிரேமா’வில் உதவி இயக்குநராக இருந்த ராமகிருஷ்ண ராவைக் காதலித்து 1943-ல் கல்யாணம் செய்துகொண்டார். அதோடு நடிப்பை விட்டுவிட்டுக் குடும்பத்தைப் பார்ப்போம் என்றுதான் நினைத்தார். பி.என். ரெட்டி வற்புறுத்தித்தான் ‘சொர்க்க சீமா’வில் (1945) திரும்ப நடிக்க வைத்தார், அந்தப் படம் அவரை எங்கோ கொண்டுபோய் நிறுத்திவிட்டது. அதாவது சினிமாதான் அவரைத் தேடி வந்தது, அவர் அதன் பின்னால் ஓடவில்லை. அப்புறம் கணவரோடு சேர்ந்து ‘பரணி பிக்சர்ஸ்’ என்று சொந்தக் கம்பெனி, சாலிகிராமத்தில் சொந்த ஸ்டுடியோ. (பரணி என்பது அவர்களுடைய மகன் பெயர்.) இந்த வாய்ப்பு போனால் என்ன ஆவோம் என்ற பயம் இல்லாத ஒருவர் மனதில் பட்டதைப் பேசுவார், அவ்வளவுதான். அந்தப் பயம் இல்லாத நடிகைகள் அன்றைக்கு மிகக் குறைவாக இருந்ததால் அவர் பேச்சு தனியாகக் கேட்டது.

கேள்வி: ‘நாடோடி மன்ன’னில் பாதியிலேயே அவரைக் காணோமே? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: எம்.ஜி.ஆர். முதன்முதலாக இயக்கிய படம் அது. படப்பிடிப்பு நடந்த விதத்தில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை, பானுமதி விலகிவிட்டார். அதனால் அவருடைய பாத்திரம் கதையில் பாதியில் இறந்துபோகும், பின்பாதிக்குச் சரோஜாதேவி வருவார். ஆனால் இதை வைத்து இருவரும் ஜென்மப் பகையாளிகள் என்று கதை கட்டுவது தப்பு. அதற்குப் பிறகு 1963-ல் ‘கலை அரசி’, ‘காஞ்சித் தலைவன்’ இரண்டிலும் சேர்ந்து நடித்தார்கள். எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்தபோதுதான் சென்னை அரசு இசைக் கல்லூரியின் முதல்வர் பொறுப்பும் பானுமதிக்கு வந்தது.

கேள்வி: ‘மிஸ்ஸியம்மா’வில் முதலில் நடித்தது பானுமதியாமே? (சேலம் வாசகர்)

பதில்: ஆமாம், கொஞ்சம் படமும் பிடித்தார்கள். தயாரிப்பாளரோடு ஏற்பட்ட மனக்கசப்பில் அந்த வேடம் சாவித்திரிக்குப் போனது. சாவித்திரிக்கு வைத்திருந்த வேடத்தை ஜமுனா செய்தார்.

கேள்வி: தமிழின் முதல் பெண் இயக்குநர் பானுமதிதானே? (மதுரை வாசகி)

பதில்: இல்லை அம்மா, இதைப் பல பேர் தப்பாகச் சொல்கிறார்கள். அந்தப் பெருமை ‘காளிதாஸ்’ (1931) நாயகி டி.பி. ராஜலட்சுமிக்கு. அவர் 1936-லேயே ‘மிஸ் கமலா’வை இயக்கிவிட்டார். ஆனால் பானுமதி செய்ததும் சாதாரணம் இல்லை. 1953-ல் வந்த ‘சண்டிராணி’யைத் தமிழ், தெலுங்கு, இந்தி என்று மூன்று மொழியிலும் இயக்கி, அதில் இரட்டை வேடமும் போட்டார். ஒரே காட்சியை மூன்று மொழியில் எடுக்க வேண்டும், அதிலும் இரண்டு பெண்ணாக மாறி மாறி நிற்க வேண்டும், நடித்து முடித்ததும் கேமரா பக்கம் போய் இயக்குநராகவும் யோசிக்க வேண்டும். நினைத்தாலே தலை சுற்றுகிறது!

கேள்வி: அவர் குரல் எனக்கு உயிர். சொந்தமாகத்தான் பாடினாரா? (கும்பகோணம் வாசகி)

பதில்: எனக்கும் அப்படித்தான். பின்னணிப் பாடகிகள் வந்து, லீலாவும் சுசீலாவும் எல்லா நாயகிகளுக்கும் பாடத் தொடங்கிய பிறகும் பானுமதி தன் பாட்டைத் தானே பாடினார். அப்பாவிடம் கற்ற சங்கீதம். ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ படத்தில் ‘அழகான பொண்ணு நான்’ கேளுங்கள், அதையடுத்து உடனே ‘அம்பிகாபதி’யில் ‘கண்ணிலே இருப்பதென்ன’ கேளுங்கள். ஒரே தொண்டைதான், முதல் பாட்டில் குறும்பு, இரண்டாவதில் நாணம். கொஞ்சம் மூக்கில் இழைகிற மாதிரி ஒரு தனி நாதம், வேறு யாரிடமும் கேட்டதில்லை. பேசுகிற குரலே பாடவும் செய்வதால் வசனம் எங்கே முடிந்தது, பாட்டு எங்கே தொடங்கியது என்று தெரியாது. இன்னொருவர் குரலுக்கு வாயசைக்கும்போது, எவ்வளவு நன்றாகச் செய்தாலும், ஒரு மெல்லிய இடைவெளி இருக்கும். அது அவரிடம் இல்லை.

கேள்வி: எனக்கு ‘செம்பருத்தி’ பாட்டியாகத்தான் தெரியும். பழைய படங்களில் எதைப் பார்க்கலாம்? (கோவை கல்லூரி மாணவர்)

பதில்: தம்பி, பி.யு. சின்னப்பா, என்.எஸ்.கே., எம்.ஜி.ஆர்., சிவாஜி என்று எல்லோரோடும் நடித்தவர், பட்டியல் போட்டால் பக்கம் போதாது. முதலில் ‘ரங்கோன் ராதா’ (1956) பாருங்கள். அண்ணாவின் கதை, கலைஞரின் திரைக்கதை. நல்ல புத்தியோடு இருக்கிற மனைவியைப் பைத்தியம் என்று ஊரை நம்ப வைக்கிற கணவனாகச் சிவாஜி. அந்த மனைவியின் தவிப்பைப் பானுமதி கத்தாமல் செய்திருப்பார். அடுத்து ஏவி.எம்.மின் ‘அன்னை’ (1962). பெற்றவள் சௌகார் ஜானகி, வளர்த்தவள் பானுமதி. நாற்பது வயதுகூட ஆகாதபோது, வளர்ந்த பிள்ளைக்குத் தாயாக நிற்கத் தயங்கவில்லை. பிள்ளை கைவிட்டுப் போய்விடுவானோ என்று அவர் முகத்தில் ஒரு பயம் வந்து வந்து போகும். அதைப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.